நாய்களின் பரம்பரை விழித்திரைத் தேய்வும் அதனைக் கண் பரிசோதனையால் அறியும் முறையும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே நாய் இல்லாத வளவு அரிது. பங்களாவில் லாபிரடோர் அல்லது அல்சேஷன் இனத்து நாய் நிற்கும். லயத்துக் கோடியில் நாட்டு நாய் படுத்திருக்கும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கங்களில் கரட், லீக்ஸ், கோவா பயிரிடுவோர் காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் காவலாக இரண்டு மூன்று நாய்களை வைத்திருப்பர். இவற்றுள் நல்ல இனத்து நாயொன்று பகலில் யாதொரு குறையுமின்றி ஓடித் திரிந்து, பொழுது சாய்ந்ததும் வாசற்படியில் இறங்கத் தயங்கி நிற்பதைச் சிலர் கண்டிருக்கலாம். அழைத்தாலும் வராது; வந்தாலும் தேயிலைச் செடியில் மோதும், அல்லது கானுக்குள் கால் தவறி விழும். “வயது போய்விட்டது”, “எதையோ கண்டு பயந்துவிட்டது” என்று சொல்லி விட்டுவிடுவதே வழக்கம். நாயின் வயது நான்கோ ஐந்தோ எனின் இவ்விரு காரணங்களும் பொருந்தமாட்டா. அந்நாயின் கண்ணை உட்புறம் நோக்கிச் சோதித்தல் வேண்டும்.

இதனை அசட்டை செய்வதால் விளையும் தீங்கு இருவகைப்படும். முதலாவது, நாய்க்கே நேர்வது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளில் தேயிலை மலைகளுக்கு நடுவே எஞ்சிநிற்கும் காட்டுத் துண்டுகளிலே சிறுத்தைகள் வாழ்கின்றன. தோட்டமக்கள் இதனைப் புலி என்றே வழங்குவர். இரவிலே நாய்கள் அதற்கு இரையாவது யாவரும் அறிந்ததே. இருளில் பார்வையற்ற நாய் அதன் வரவை உணரினும் ஓடும் திசை அறியாது. இரண்டாவது தீங்கு இதனினும் பெரிது. இந்நோய் தாய் தந்தையரிடமிருந்து குட்டிக்கு வருவது. பல இனங்களில் நோய் வெளிப்படுவது நாய் நன்கு வளர்ந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே. அதற்குள் அழகும் நற்குணமும் உள்ள கடுவன் நாயெனின் அயல் தோட்டங்களுக்கெல்லாம் அழைத்துச் செல்லப்பட்டுப் பல ஈற்றுக்களுக்குத் தந்தையாகிவிடும். அதன் பார்வை மங்குகின்றதென உரியவர் உணரும் நாளில் அதன் குட்டிகளும் குட்டி ஈனும் பருவத்தை அடைந்திருக்கும்.

நோயின் தன்மை

கண்ணின் பின்சுவரில் மெல்லிய திரைபோல அமைந்திருப்பது விழித்திரை. அதில் ஒளியை உணரும் கலங்கள் இருவகை. கோல்கள் என்பன மங்கிய ஒளியிலும் அசைவைக் காண்பதிலும் பயன்படுவன. கூம்புகள் என்பன பகலொளியில் தெளிவாகக் காண்பதற்கு உரியன. நாயின் விழித்திரையில் கோல்களே மிகுதி. விழித்திரையின் பின்னே, கண்ணின் மேற்பாதியில், நாய்க்கு ஒளித்தெறிப்புப் படலம் ஒன்று உண்டு. மனிதருக்கு இப்படலம் இல்லை. விழித்திரையைக் கடந்து சென்ற ஒளியை இது மீண்டும் அதன்மீதே எறிந்து, இருளில் காணும் ஆற்றலைப் பெருக்குகின்றது. இரவில் டோர்ச் வெளிச்சம் படும்போது நாயின் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒளிர்வது இப்படலத்தினாலேயே. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். நோயை அறிவதில் இதுவே பெரிய சாட்சி.

பரம்பரை விழித்திரைத் தேய்வில் முதலில் அழிவன பெரும்பாலும் கோல்களே. ஆதலின் மாலைக்குருடு முதலில் தோன்றும். பின்னர் கூம்புகளும் அழியப் பகற்பார்வையும் போகும். இரு கண்களும் ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் கெடும். வலி இல்லை; கண் சிவப்பதில்லை; நீர் வடிவதில்லை. இதனாலேயே உரியவர் ஏமாந்துவிடுகின்றனர். நாயும் மோப்பத்தாலும் செவியாலும் பழகிய பாதையின் நினைவாலும் தன் குறையை நெடுநாள் மறைத்துவிடும். வீடு மாறிய அன்றே நாய் குருடாயிற்றென்று கூறுவோர் உளர். உண்மையில் அது முன்னரே பார்வை இழந்திருந்தது, பழகிய இடத்தை இழந்தபின் அக்குறை வெளிப்பட்டது.

நாய்களில் இந்நோயை முதன்முதல் விவரித்தவர் சுவீடன் நாட்டு மக்னுசன் என்பவர். அவர் 1911இல் கோர்டன் செட்டர் இன நாய்களில் இதனைக் கண்டார். பின்னர் பிரித்தானியாவில் ஐரிஷ் செட்டர் இனத்தில் இந்நோய் பரவி, 1940களில் அவ்வினத்தை வளர்ப்போர் பெருந்தொல்லைப்பட்டனர். ஐயத்துக்குரிய நாயைக் குருட்டு நாயுடன் இணைத்து, பிறக்கும் குட்டிகளின் கண்ணைச் சோதித்து, ஒன்றேனும் குருடாயின் அந்நாயை இனவிருத்தியிலிருந்து விலக்கினர். குருட்டுக் குட்டிகளை வேண்டுமென்றே பிறப்பிக்கும் கொடிய முறையே அது. எனினும் அக்காலத்தில் வேறு வழியிருக்கவில்லை. அவ்வினத்து நோய்க்குக் காரணமான பரம்பரையலகுக் குறை 1993இல் கண்டறியப்பட்டது. லாபிரடோர், கொக்கர் ஸ்பானியல், பூடில் முதலிய இருபதுக்கும் மேற்பட்ட இனங்களில் காணப்படும் வகைக்குரிய குறை 2006இல் வெளியாயிற்று.

நோய் வெளிப்படும் வயது இனத்துக்கு இனம் மாறும். ஐரிஷ் செட்டர் குட்டிக்கு இரண்டு மாத வயதளவிலேயே இராப்பார்வை குன்றும். ஓராண்டளவில் ஏறக்குறையக் குருடாகிவிடும். லாபிரடோரிலோ பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வயதிற்குள் தெரியவரும். சிலவற்றில் அதற்கும் பிந்தும். நம் மலைநாட்டிலே லாபிரடோரும் அதன் கலப்பும் மிகுந்திருப்பதால் இப்பிந்திய வகையே நமக்கு மிகுந்த கவலை தருவது.

வீட்டில் கவனிக்கத்தக்கவை

நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹட்டன் அதனிலும் தாழ்ந்தது. இரண்டிடத்தும் மலை மறைப்பதனால் வெயில் முந்தி மறையும். பூமத்தியரேகைக்கு அண்மையான நாடாதலால் அந்தியும் சிறிது நேரமே. நாயின் மாலைக்குருட்டைச் சோதிக்க உரிய பொழுது இச்சிறிய அந்தியே. மூடுபனி நாளில் சோதிப்பது பயன்தராது. பனியில் நல்ல கண்ணுள்ள நாயும் தயங்கும்.

பகலில் திறந்த வெளியில், நாய்க்குப் பழக்கமில்லாத ஓரிடத்தில், பெட்டி, கூடை, கொழுந்துச் சாக்கு முதலியவற்றை இடையிடையே வைத்து, மறுபுறம் நின்று ஒருமுறை மட்டும் அழைக்கவும். இடையறாது அழைத்தால் நாய் குரலைப் பற்றிக்கொண்டு வந்துவிடும். அந்தியில் பொருள்களை இடம் மாற்றி வைத்து அவ்வாறே மீண்டும் செய்க. பகலில் எளிதில் கடந்து அந்தியில் மோதுமாயின் ஐயம் வலுப்பெறும். படியில் ஏறுவதற்கு அஞ்சாத நாய் இறங்குவதற்கு மட்டும் அஞ்சுவதும் கவனிக்கத்தக்கது.

மற்றொரு சோதனை பஞ்சினால் செய்வது. சிறு பஞ்சுருண்டையை நாயின் முகத்துக்கு முன்னே உயரத்திலிருந்து விடுக. அதற்கு ஓசையுமில்லை, மணமுமில்லை. பார்வையுள்ள நாய் அது விழுவதைக் கண்ணால் தொடரும். சிலர் கையை முகத்தருகே வீசி, நாய் கண் சிமிட்டுவதைக் கண்டு பார்வை உண்டென்பர். கை வீசும்போது எழும் காற்றுப் பட்டாலும் நாய் சிமிட்டும். அன்றியும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி, பார்வை நன்றாயிருந்தும், இவ்வாறு சிமிட்டப் பழகியிராது.

இரவிலே டோர்ச் வெளிச்சத்தில் கண்கள் முன்னிலும் மிகுதியாக ஒளிர்கின்றன எனவும், கண்மணி எப்போதும் விரிந்தே இருக்கின்றது எனவும் வீட்டார் கூறின் அதனை அற்பமாக எண்ணலாகாது. வைத்தியரிடம் செல்லும்போது இவற்றை எந்த மாதம் முதல் கண்டீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு செல்க.

ஓர் எச்சரிக்கை. நாய் திடீரென்று பார்வை குன்றியது போல மோதித் திரிந்து, அதனுடன் குணம் மாறி, வாயில் நீர் வடிந்து, காரணமின்றிக் கடிக்கவும் முற்படின், மேற்கூறிய சோதனை எதனையும் செய்யாதீர்கள். அது விசர்நோயாக இருக்கக்கூடும். நாயைத் தொடாமல் அடைத்துவைத்து அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

வைத்தியர் கண்ணைச் சோதிக்கும் முறை

கண்ணின் உட்புறத்தை உயிருள்ளபோதே காண்பதற்குரிய கண்ணோக்குக் கருவியை 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டார். இன்றும் இந்நோயை அறிவதற்கு முதற்கருவி அதன் வழிவந்ததே. பரிசோதனைக்கு இருண்ட அறையும் அமைதியான நாயும் வேண்டும். நாயின் தலையைப் பழகிய ஒருவர் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் மயக்கமருந்து தேவைப்படாது. மயங்கிய நாயின் கண் கீழ்நோக்கி உருள்வதால் மயக்கம் இடையூறே ஆகும்.

வைத்தியர் முதலில் ஒளியைப் பாய்ச்சிக் கண்மணி சுருங்குகின்றதா எனப் பார்ப்பார். இங்கே பலர் மயங்குவர். இந்நோயில் பார்வை பெரிதும் போன பின்னரும் கண்மணி ஒளிக்குச் சுருங்கும். சுருங்குகின்றதென்பதால் விழித்திரை நன்றாயிருக்கின்றதென்று கொள்ளலாகாது. அடுத்துக் கண்ணின் உள்ளழுக்கம் அளக்கப்படும். அதன்பின் கண்மணியை விரிக்கும் துரோப்பிக்கமைட் துளிமருந்து இடப்படும். இருபது நிமிடம் முதல் அரைமணி நேரம் வரை காத்திருக்கவேண்டும். இம்மருந்தை வீட்டார் தாமே வாங்கி இடுதல் கூடாது. கண்ணழுக்க நோயுள்ள நாய்க்கு அது பெருந்தீங்கு செய்யும்.

விரிந்த கண்மணியின் வழியே நோக்கும் முறை இரண்டு. கருவியைக் கண்ணுக்கு மிக அண்மையில் பிடித்து நேராக நோக்குவது ஒன்று; இதில் உருவம் மிகப் பெரிதாகத் தோன்றும், ஆயினும் ஒரு சிறு பகுதியே தெரியும். நெற்றியில் அணிந்த விளக்கொளியில், கையிலே குவிவில்லையொன்றைப் பிடித்துச் சற்றுத் தூரத்திலிருந்து நோக்குவது மற்றொன்று. இதில் உருவம் தலைகீழாகத் தெரியினும் கண்ணின் பின்சுவர் பெரிதளவு ஒருங்கே புலப்படும். ஓரங்களில் தொடங்கும் கேட்டைக் காண இரண்டாவது முறையே சிறந்தது. இக்காலத்தில் கைத்தொலைபேசியின் ஒளியையும் படக்கருவியையும் அவ்வில்லையுடன் சேர்த்துப் படமெடுக்கவும் கூடும். அப்படத்தை நிபுணருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம்.

நல்ல கண்ணில் மேற்பாதி பச்சை, மஞ்சள், சிலவற்றில் நீலம் கலந்து, நுண்மணல் பரப்பியதுபோல மென்மையாக ஒளிரும். கீழ்ப்பாதி கரும்பழுப்பாயிருக்கும். நடுவே பார்வை நரம்பின் முகம் வெண்சிவப்பாகத் தோன்றும். அதிலிருந்து தடித்த நாளங்கள் மூன்று நான்கும், மெல்லிய நாடிகள் பலவும் புறப்பட்டு ஓரங்களை நோக்கிச் செல்லும்.

நோயுற்ற கண்ணில் மேற்பாதி மிகையாக மின்னும். விழித்திரை ஒளித்தெறிப்புப் படலத்தின் மேல் விரித்த திரை போன்றது. ஒளி உட்செல்லும்போதும் மீளும்போதும் அத்திரையைக் கடக்கின்றது. திரை மெலிந்தால் தடுக்கப்படும் ஒளி குறைந்து, கண்ணாடியிலிருந்து வருவதுபோல மினுக்கம் மிகும். ஆரம்பத்தில் ஓரங்களிலே சாம்பல் நிறமான சொரசொரப்புத் தோன்றிப் பின்னரே இம்மினுக்கம் வரும். இரண்டாவது அடையாளம் இரத்தக்குழாய்கள் மெலிதல். அழிந்த கலங்களுக்கு இரத்தம் வேண்டாமையால் முதலில் ஓரத்து நுண்ணாடிகளும், பின்னர் பெரியனவும் நூல்போலாகி, ஈற்றில் சில காணப்படாமலே மறையும். மூன்றாவது, நரம்பின் முகம் சிவப்பிழந்து வெளிறுதல். கீழ்ப்பாதியிலும் கருமை சிதறி வெளிறிய திட்டுக்கள் காணப்படும்.

இவ்வடையாளங்களுள் ஒன்று மட்டும் இருப்பின் முடிவு கூறலாகாது. இரு கண்களிலும் ஒப்ப இருத்தல் வேண்டும்; நாளடைவில் மிகுதல் வேண்டும். ஐயமான நிலையில் அனுபவமுள்ள வைத்தியர் “ஆம்” என்றோ “இல்லை” என்றோ சொல்லமாட்டார். ஆறு மாதம் கழித்து மீண்டும் கொண்டுவருக என்பார். அவ்வாறு சொல்பவரைத் திறமையற்றவரென்று எண்ணி வேறிடம் செல்வோர் உண்டு. உண்மையில் அத்தவணையே சரியான பதில். குட்டிகளிலோ நான்கு மாதம் ஆகும்வரை ஒளித்தெறிப்புப் படலம் முதிர்ச்சியடையாமல் நீலம் கலந்து தோன்றும். அவ்வயதில் மினுக்கத்தை வைத்து எதையும் கூறுதல் தவறு.

விழித்திரையின் மின்னசைவைப் பதியும் சோதனை இதனினும் நுண்ணியது. நாயை இருளில் வைத்திருந்து, பின் சிறு ஒளிவீச்சுக்களைக் காட்டி, கோல்களும் கூம்புகளும் தனித்தனியே எவ்வளவு பதில் தருகின்றனவென அளப்பர். கண்ணோக்குக் கருவிக்கு எதுவும் தெரியுமுன்னரே இச்சோதனை குறையைக் காட்டும். கண்ணில் வெண்படலம் முற்றி உட்புறம் தெரியாதபோதும் இது உதவும். ஆயினும் இக்கருவி எங்கும் கிடைப்பதன்று; தோட்டப்பகுதியிலுள்ளவர் முதலில் தம் பகுதி அரசாங்க மிருக வைத்தியரிடமே காட்டி, அவர் தரும் கடிதத்துடன் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையை நாடுதல் முறை.

பரம்பரை நோயென்று முடிவுகட்டுமுன்

குணப்படுத்தக்கூடிய நோயைப் பரம்பரைக் குறையென்று கைவிடுவதைப்போலப் பெரிய தவறு வேறில்லை. மலைநாட்டில் விசேஷமாகக் கவனிக்கவேண்டிய சிலவற்றை மட்டும் இங்கே கூறுவோம்.

அல்சேஷன் நாய்களுக்குக் கருவிழியின் வெளியோரத்திலிருந்து இளஞ்சிவப்பான தசைபோன்ற படலம் வளர்ந்து கண்ணை மூடுவதுண்டு. உயர்ந்த மலைப்பகுதிகளில் ஊதாக்கடந்த கதிர்கள் மிகுதியாதலால் அங்கே இந்நோய் கடுமையாகக் காணப்படும். நுவரெலியாவும் அத்தகைய இடமே. இது விழித்திரை நோயன்று. வெளியிலேயே கண்ணுக்குத் தெரியும். தொடர்ந்து துளிமருந்து இட்டுவந்தால் பார்வையைக் காக்கலாம்.

சொறிக்கும் உண்ணிக்கும் மாட்டுக்குரிய ஐவர்மெக்டின் மருந்தைக் கணக்கின்றி நாய்க்குக் குத்துவோர் தோட்டங்களில் உளர். அளவு மிஞ்சினால் கண்மணி விரிந்து, நாய் தள்ளாடி, சில மணி நேரத்துக்குள் குருடாகக்கூடும். வைத்தியர் விழித்திரையில் வீக்கத்தைக் காணலாம். இவ்வாறு போன பார்வை உரிய பராமரிப்பில் பல சமயம் மீளும். ஆதலின் கடந்த சில நாள்களில் நாய்க்கு என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்பதை, வெட்கப்பட்டேனும், வைத்தியரிடம் மறைக்காமல் கூறுக. மருந்துப் போத்தலையும் கொண்டுசெல்லவேண்டும்.

உண்ணியால் வரும் காய்ச்சலில் கண்ணுக்குள் இரத்தம் கசிவதும் அழற்சி உண்டாவதும் உண்டு. இரத்தப் பரிசோதனையால் அறிந்து சிகிச்சை செய்யலாம். குட்டிப்பருவத்தில் டிஸ்டெம்பர் நோயுற்றுப் பிழைத்த நாயின் விழித்திரையில் மினுக்கத் திட்டுக்கள் தழும்பாக நிற்கும். அவை இரு கண்களிலும் ஒப்ப இரா, நாளடைவில் பெருகுவதுமில்லை. பழைய எண்ணெயும் கொழுப்பும் கழிவிறைச்சியும் மட்டுமே நெடுநாள் உண்ட நாய்களுக்கு விற்றமின் ஈ குறைவதால் விழித்திரையில் பழுப்புத் திட்டுக்கள் படிந்து பார்வை கெடுவதும் அறியப்பட்டுள்ளது. உணவைத் திருத்தினால் கேடு மேலும் பரவாது தடுக்கலாம்.

முன்னாள்வரை நன்றாயிருந்து ஓரிரு வாரத்துள் முழுக் குருடாகும் நடுவயது நாய்க்கு வேறொரு நோய் உண்டு. அதில் விழித்திரை பார்வைக்கு நன்றாகவே தோன்றும். மின்னசைவுச் சோதனையிலோ யாதொரு பதிலும் வராது. அந்நாய் மிகுதியாக நீர் குடிப்பதும் பருப்பதும் உடன் காணப்படலாம். பரம்பரைத் தேய்வு இவ்வளவு விரைவில் வருவதன்று. கண் சிவந்து, கலங்கி, நாய் தலையைத் தொடவிடாது அழுமாயின் அது கண்ணழுக்க நோயாக இருக்கக்கூடும்; அதற்கு நாளல்ல, மணிக்கணக்கே தவணை.

முதிய நாயின் கண்ணில் தோன்றும் நீலம் கலந்த மங்கல் பெரும்பாலும் வில்லை முதிர்தலே. அதனால் பார்வை போவதில்லை. வெண்படலமோ வேறு. அதனைச் சத்திரசிகிச்சையால் நீக்கலாம். ஆயின் விழித்திரைத் தேய்வு முற்றிய கண்ணிலும் இறுதியில் வெண்படலம் உண்டாவதுண்டு. அத்தகைய கண்ணில் படலத்தை நீக்கியும் பயனில்லை. ஆகையால் சத்திரசிகிச்சைக்குப் பணம் செலவிடுமுன், நாய்க்கு வெண்படலம் தோன்றுவதற்கு முன்னரே மாலைக்குருடு இருந்ததா என்று நினைவுகூர்ந்து சொல்லவேண்டும்.

குட்டி ஈனவிடுமுன்

நம்மிடையே மிகுதியாகக் காணக்கூடிய வகை பின்னிடைவான முறையில் வருவது. நாய்க்கு ஒவ்வொரு பரம்பரையலகும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு உண்டு. இரண்டும் குறையுள்ளதாயின் நாய் குருடாகும். ஒன்று மட்டும் குறையுள்ளதாயின் நாய் நன்றாகப் பார்க்கும், ஆயின் அக்குறையைக் குட்டிகளுக்குக் கடத்தும். கடத்தும் நாயின் கண்ணில் வைத்தியர் எவ்வளவு நோக்கினும் குறை எதுவும் காணப்படாது. கண் பரிசோதனையால் ஆகாதது இதுவே. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

ஒரு குட்டி இந்நோயால் குருடானால் அதன் தாயும் தந்தையும் இருவருமே குறையைக் கடத்துபவர் என்று உறுதியாகக் கொள்ளலாம். “எங்கள் கடுவனில் பிழையில்லை, பெட்டையில்தான் பிழை” என்று இரு வீட்டார் ஒருவரையொருவர் பழிப்பது இதனை அறியாமையாலேயே. கடத்தும் இரு நாய்களை இணைத்தால், சராசரியாக நாலில் ஒரு பங்கு குருடாகும்; நாலில் இரு பங்கு கடத்தும்; எஞ்சிய ஒரு பங்கே குறையற்றது. ஒரே ஈற்றில் நன்றாகப் பார்க்கும் குட்டிகளை எடுத்துக்கொண்டால் அவற்றுள் மூன்றுக்கு இரண்டு கடத்துபவை. அன்றியும் ஆறு குட்டிகள் பிறந்த ஈற்றில் ஒன்றுகூடக் குருடாகாமல் இருப்பதற்கு நூற்றுக்குப் பதினெட்டு வரை வாய்ப்புண்டு. ஆகவே ஒரு நல்ல ஈற்றைக் காட்டி இந்த இணை குற்றமற்றதென்று வாதாடுவது செல்லாது.

எல்லா வகையும் இவ்வாறன்று. சைபீரியன் ஹஸ்கி, சமோயிட் இனங்களில் ஒரு வகை தாய்வழியே கடத்தப்பட்டுக் கடுவன் குட்டிகளை மிகுதியாகத் தாக்கும். மாஸ்டிப் இனங்களில் ஒரு பெற்றோரிடமிருந்து வந்த ஒரே குறையாலும் நாய் குருடாகும்.

கடத்தும் நாயை அறிவதற்கு டீ.என்.ஏ. சோதனை உண்டு. கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்தெடுத்த பஞ்சுக்குச்சியோ சிறிது இரத்தமோ போதும். மிருக வைத்தியர் மூலம் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். எந்த இனத்துக்கு எந்தக் குறையைத் தேடவேண்டுமென்பதை முன்னரே கேட்டறிதல் அவசியம். ஒரு குறை இல்லையென்று வந்த விடை மற்றக் குறைகளும் இல்லையென்பதற்குச் சான்றாகாது. ஆதலால் அச்சோதனை செய்த நாய்க்கும் ஆண்டுதோறும் கண் பரிசோதனை வேண்டும்.

இவ்விடத்தில் எமது கருத்தைத் திறந்து கூறுகிறோம். மலைநாட்டுக்கு வேட்டை நாய்கள் ஆங்கிலேயருடன் வந்தவை. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் மரை வேட்டைக்கென ஒரு கூட்டமே கொண்டுவந்தார். இன்றும் ஓர் ஊரில் ஓரினத்து நல்ல நாய்கள் எண்ணிக்கையிற் சிலவே. அச்சிலவற்றுள் தாயுடன் மகனையும், உடன்பிறந்தவற்றையும் இணைப்பது “இனம் கெடாமலிருக்க” என்று சொல்லப்படுகின்றது. ஒளிந்துள்ள குறை இரண்டும் ஒன்றுசேர்வதற்கு இதனினும் குறுக்குவழி இல்லை. எனினும் கடத்தும் நாய்களையெல்லாம் ஒரேயடியாக விலக்குவதும் விவேகமன்று. இருக்கும் சில நாய்களிலும் பாதியை இழந்தால் எஞ்சியவற்றில் நெருங்கிய உறவே மிஞ்சும். சோதனையில் குறையற்றதென்று தெளிந்த துணையுடன் கடத்தும் நாயை இணைத்தால் அக்குறையால் எக்குட்டியும் குருடாகாது. பிறந்த குட்டிகளைச் சோதித்துக் குறையற்றதை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். குருடான நாயையோ ஈனவிடலாகாது, மலடாக்குதல் நலம். சோதனைக்கு வசதியில்லாதவர், கடுவனை ஐந்து வயதுக்குமுன் பல இடங்களுக்குக் கொடாதிருப்பதும், அதன் தாய் தந்தையர் முதுமையில் எவ்வாறு பார்க்கின்றனவென்று விசாரிப்பதும் செய்யலாம்.

குட்டி விற்போர் பெற்றோரின் கண் பரிசோதனைத் தாளைக் காட்டவேண்டும், வாங்குவோர் கேட்கவேண்டும். இரண்டு வயதில் பெற்ற தாளை ஆறு வயதுக் கடுவனுக்குக் காட்டுவாராயின் அதனை ஏற்கலாகாது.

நோயுற்ற நாயைப் பற்றி

பொதுவாகக் காணப்படும் வகைகளுக்கு இன்றுவரை பார்வையை மீட்கும் மருந்து இல்லை. பிரியார்ட் என்னும் பிரெஞ்சு இனத்து நாய்களின் பிறவிக்குருட்டுக்குப் பரம்பரையலகையே கண்ணுள் செலுத்தி 2001இல் அமெரிக்காவில் பார்வை வரச்செய்தனர். அம்முறை மனிதக் குழந்தைகளின் அதே குறைக்கு 2017இல் அங்கு அனுமதிக்கப்பட்டது. அது அந்த ஒரு குறைக்கே உரியது, லாபிரடோருக்கு உதவாது. இதனைச் சொல்லி விலையுயர்ந்த மாத்திரை விற்பவரிடம் பணத்தை இழக்கவேண்டாம்.

ஆயினும் குருட்டு நாய் துன்பப்படும் நாயன்று. அதனைக் கொல்ல நினைப்பது வேண்டாத கொடுமை. நோய் மெல்ல வருவதால் அது அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். உணவும் நீரும் எப்போதும் ஒரே இடத்தில் வைக்கப்படல் வேண்டும். வீட்டுப் பொருள்களை அடிக்கடி இடம் மாற்றலாகாது. படியின் தலைப்பிலும் கானின் ஓரத்திலும் பலகையோ வேலியோ இடுக. பிள்ளைகள் அதனைத் தொடுமுன் பெயர் சொல்லி அழைக்கப் பழகவேண்டும். தூங்கும்போது திடீரெனத் தொட்டால் நல்ல நாயும் கடிக்கும். பொழுது சாயுமுன் உள்ளே கட்டிவிடவேண்டும். கொழுந்து மலைக்கோ தோட்டக் காவலுக்கோ இரவில் அனுப்பலாகாது. பார்வை போன கண்ணில் பின்னர் வெண்படலம் முற்றி அழற்சி உண்டாகலாம். கண் சிவந்தாலோ, நாய் கண்ணைச் சுருக்கித் தரையில் தேய்த்தாலோ அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்க. அவ்வாறு ஒன்றும் இல்லாதபோதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டி, கண்டவற்றை அதே தாளில் குறித்து வாங்கிக்கொள்க.